கிளெம் ஹார்ட்னெட்டின் வலது பக்கப் பதக்கங்கள்

கிளெம் ஹார்ட்னெட்டை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவன், ஐம்பது வயதில் எங்கள் கூரிங்காவுக்கு வந்து, ஒண்டியாக ஒரு வீட்டை வாங்கிக் குடியேறுகிறான் என்றால் என்ன அர்த்தம்? எதையோ விட்டு ஓடி வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். கோதுமைக் கிடங்கையும் ஒரு மதுக்கடையையும் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது, ஆசைப்பட்டு வருவதற்கு?

தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். கிறிஸ்துமஸுக்குக்கூட அவனுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்ததில்லை. இதை என் கணவர் நெவிலிடம் சொன்னபோது, "சாமியே வந்தாலும் நீ அடையாள அட்டை எங்கேன்னு கேப்ப, டெல்மா" என்றார். கேட்பேன். கேட்டால் என்ன குறைந்துவிடும்? உண்மையான சாமி என்றால் எடுத்துக் காட்டட்டுமே.

அவன் பக்கத்து வீடு எட்னா ரேயுடையது. எண்பதைத் தாண்டியவள், கண் பார்வை வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போனது, நடமாடும் உருவம் மட்டும் நிழலாகத் தெரியும். அவளுடைய ஒரே மகன் லெஸ் வியட்நாம் போரில் செத்தான். அந்தக் காலத்தில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு இருபது வயதுப் பையன்களைப் படைக்கு எடுத்தார்கள். லெஸ்ஸின் தேதி விழுந்தது. போனான், திரும்பவில்லை. ஊர் நடுவில் இருக்கும் நினைவுக் கல்லில் கடைசியாகச் செதுக்கிய பெயர் அவனுடையதுதான்.

இந்த எட்னாவுக்குத்தான் கிளெம் வாரம் தவறாமல் சூப்பும் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆதாயம் இல்லாமல் எவனாவது ஆற்றைக் கட்டி இறைப்பானா? கிழவிக்கு வாரிசு இல்லை, வீடு சொந்த வீடு. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

இதில் இன்னொன்று. கிளெம் வந்த முதல் சில வருஷங்கள், போரில் செத்தவர்களை நினைக்கும் ஆன்சாக் தினத்தன்று வெளியில் தலையே காட்டவில்லை. ஏப்ரல் இருபத்தைந்து, விடிவதற்கு முன்பே ஊர் மொத்தமும் நினைவுக்கு அடையாளமாகச் சட்டையில் ரோஸ்மேரி இலைக் கொத்து குத்திக்கொண்டு நினைவுக் கல்லின் முன் குளிரில் நிற்கும். அவன் வீட்டில் மட்டும் திரை இழுத்து மூடியிருக்கும். அப்படிப்பட்டவன் நான்கு வருஷத்துக்கு முன்பு திடீரென்று கோட்டு மாட்டிக்கொண்டு, எட்னாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்து நின்றான். மார்பில் இரண்டு பதக்கங்கள். வலது பக்கம்.

வலது பக்கம் என்றால் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போருக்குப் போய் வந்தவன் தன் பதக்கத்தை இடது மார்பில் குத்துவான். செத்தவனுக்காக அவன் வீட்டு மனிதர் குத்தினால் வலது பக்கம். நான்கூட என் தாத்தாவின் பதக்கத்தை வலது பக்கம்தான் குத்துகிறேன். ஆகவே அது கிளெம்முடைய அப்பாவினுடையது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டோம். யாரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் விட்டதுதான் எனக்கே இன்றுவரை ஆச்சரியம்.

ரோலி பிரென்னன் பார்த்துவிட்டான். எங்கள் படைவீரர் சங்கத்தின் தலைவன், அவனும் வியட்நாம் போய் வந்தவன், குரல் ஒலிபெருக்கி மாதிரி. போன வருஷத்து ஆன்சாக் படத்தைச் சங்கச் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கி வரவழைத்திருந்தான். தபாலில் வந்த உறையை என் கவுண்டரிலேயே பிரித்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"டெல்மா, இங்க வா. கிளெம் நெஞ்சுல இருக்கற நாடாவைப் பாரு. என்ன கலரு?"

"மஞ்சளும் சிவப்பும். ஏன்?"

"அது எங்க போரு. வியட்நாம். இவன் அப்பனா வியட்நாம் போனான்? அந்த ஆளுக்கு அப்ப அறுபது வயசு இருக்குமே!"

"அண்ணன் தம்பி யாராவது?"

"ஒத்தப் புள்ளைன்னு அவனே என்கிட்ட சொல்லியிருக்கான்."

எனக்கு ஒரு பழைய திருட்டு ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு எட்னாவின் வீட்டில் திருடன் புகுந்து, ரேடியோ, வெள்ளிக் கரண்டிகளோடு லெஸ்ஸின் பதக்கங்களையும் அள்ளிக்கொண்டு போனான். அவை கிடைக்கவே இல்லை. கிழவி கரண்டிக்கு அழவில்லை, அந்த இரண்டு பதக்கங்களுக்குத்தான் மாதக்கணக்கில் அழுதாள். திருட்டு நடந்த மறு வருஷம்தான் கிளெம் மார்பில் பதக்கத்தோடு வந்து நின்றான்.

நானும் ரோலியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"படுபாவி! கண்ணு தெரியாத பொம்பளை பக்கத்துலயே, அவ புள்ளை பதக்கத்தைக் குத்திக்கிட்டு நிக்கறானே!" என்றான் ரோலி. "இந்த ஆன்சாக் அன்னைக்கு, காலைச் சாப்பாட்டுல, அத்தனை பேர் முன்னாடியும் அவன் நெஞ்சுலேருந்து பிடுங்கறேன், பாரு."

எனக்கோ அதுவரை பொறுமை இல்லை. நினைத்தது சரிதான் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்தானே. ஆன்சாக்குக்கு முந்தின நாள் மத்தியானம் ஊர்க் கூடத்துச் சமையலறைக்குப் போனேன். மறுநாளைக்கான ஓட்ஸ் பிஸ்கட்டுக்குக் கிளெம் மாவு உருட்டிக்கொண்டிருந்தான். நெய்ப்பாகு வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கெல்லாம் நான் மசியவில்லை.

"யோவ் கிளெம், சுத்தி வளைக்காமக் கேக்கறேன். நீ குத்திக்கிட்டு வர்ற பதக்கம் யாரோடது?"

அவன் கை நின்றது. "ஏன் கேக்கற?"

"நாளைக்கு ரோலி ஊரைக் கூட்டிக் கேக்கப் போறான். எட்னா வீட்டுல திருடு போனதுங்கறான்."

முகம் வெளுத்துவிட்டது. மாட்டிக்கொண்டான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த கோட்டிலிருந்து பதக்கங்களை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"விளிம்பைப் பாரு. வாங்கினவன் பேரைப் பொறிச்சுத்தான் குடுப்பாங்க."

பார்த்தேன். சி. ஜே. ஹார்ட்னெட். அவனுடைய பெயரேதான்.

"உன்னுதா? நீயும் போருக்குப் போனியா? அப்புறம் எதுக்குய்யா வலது பக்கம்? நீ என்ன செத்தா போயிட்டே?"

"சத்தம் போடாதே, தாயே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "திரும்பி வந்த வருஷம், எங்க ஊர்ல ஆன்சாக் அன்னைக்கு இடது பக்கம் குத்திக்கிட்டுத்தான் போனேன். சங்கத்து வாசல்ல பெரியவங்க நின்னாங்க, பழைய போர்க்காரங்க. 'நீங்க போனதெல்லாம் ஒரு போராடா தம்பி? வீட்டுக்குப் போ'ன்னாங்க. வந்துட்டேன். அதுக்கப்புறம் இதைத் தேயிலை டப்பாவுக்குள்ள போட்டவன்தான். எடுக்கவே இல்லை."

"அப்புறம் ஏன் எடுத்தே?"

"திருட்டுக்கு அப்புறம் எட்னா சாப்பிடவே இல்லை, டெல்மா. நான் வெச்ச சூப்பு வெச்சபடி ஆறிக் கிடக்கும். ஒரே போரு, ஒரே பதக்கம். பட்டணத்துப் பழைய சாமான் கடையில உங்க புள்ளைது கிடைச்சுது, வெளிய சொல்லாதீங்க, போலீஸ்காரன் சாட்சிக்குன்னு எடுத்துட்டுப் போயிடுவான்னு சொல்லி இதைக் கையில குடுத்தேன். அவ தடவிப் பார்த்துட்டு, 'எனக்கு வேற யாரு இருக்கா, லெஸ்ஸுக்காக வருஷா வருஷம் நீ குத்திக்கிட்டு நில்லு'ன்னா. நிக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அந்தப் பையனை இன்னொரு தடவை பறிகொடுக்க அவளால ஆகாது."

பத்து வருஷமாக நான் சேர்த்து வைத்த சந்தேகம் மொத்தமும் என் கண் முன்னாலேயே பொசுங்கிப் போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. இவன் திருடனாகவே இருந்திருக்கக் கூடாதா? இப்போது ரோலியின் வாயை அடைக்க வேண்டிய வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

ரோலியிடம் உண்மையைச் சொல்ல முடியாது. அவனிடம் சொல்வதும் கோபுரத்தில் ஏறிக் கூவுவதும் ஒன்று. "விட்டுடு ரோலி, நாம நினைச்ச மாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னேன். கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தான்.

"நீயா விட்டுடுங்கறே? நீயா? எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

இத்தனை வருஷம் ஊரையே நான் பார்த்த பார்வை. என்மேல் விழுந்தபோதுதான் எப்படி எரிகிறது என்று தெரிந்தது.

மறுநாள் விடியற்காலை எல்லாம் முறைப்படி நடந்தது. எக்காளம், மௌனம், மலர் வளையம். எட்னாவின் பக்கத்தில் கிளெம், வலது மார்பில் பதக்கம். என் கவனம் பிரார்த்தனையில் இல்லை, ரோலியின் முதுகில் இருந்தது. பிறகு கூடத்தில் ரம் கலந்த காப்பியும் சாசேஜும் பரிமாறி முடிந்ததும், நான் பயந்தபடியே அவன் கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பத்தரை மணி வீரர் அணிவகுப்புக்கு முன்னாடி ஒரு விஷயம் தீர்ந்தாகணும். கிளெம், உன் நெஞ்சுல இருக்கறது யாரோடது?"

கிளெம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்னா நிமிர்ந்தாள்.

"என் லெஸ்ஸோடது. நான்தான் குத்திக்கச் சொன்னேன். உனக்கென்ன அதுல?"

"அதைத்தான் நானும் சொல்றேன் எட்னாம்மா! உங்க வீட்டுல திருடு போனது இவன்கிட்ட எப்படி வந்துச்சு? கழட்டு கிளெம், விளிம்புல என்ன பேருன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவன் கை நீள்வதற்குள் நான் பாய்ந்துபோய்ப் பதக்கத்தைக் கழற்றிவிட்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, ஊர் கேட்கப் படித்தேன்:

"எல். ரே."

"குடு, நான் பாக்கறேன்" என்றான் ரோலி. நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நெவில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எட்னா சிரித்தாள். "விடு டெல்மா. ஊரையெல்லாம் சந்தேகப்படத் தெரிஞ்ச உனக்கு ஒரு பொய்யை உருப்படியாச் சொல்லத் தெரியலையே."

"எட்னாம்மா..." என்றான் கிளெம்.

"முப்பத்தஞ்சு வருஷமா என் புள்ளை பேரைக் கட்டைவிரல் நகத்தால தடவிக்கிட்டே தூங்கினவ நான். ரேங்கறது இங்கிலீஷ்ல மூணே எழுத்து, தொட்டா முடிஞ்சிடும். நீ குடுத்தது நீளமா ஓடுச்சு. அன்னைக்கே தெரியும், இது உன்னுதுன்னு."

"தெரிஞ்சுமா..." கிளெம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "தெரிஞ்சுமா என்னைக் குத்திக்கச் சொன்னீங்க?"

"இந்த நாள் வந்தா நீ திரையை இழுத்து மூடிக்கிட்டு உள்ள கிடந்ததை நான் பாக்கலையா? அப்ப எனக்குக் கண்ணு இவ்வளவு மோசமில்லை. உனக்காக வாடான்னா நீ வந்திருக்க மாட்டே. என் புள்ளைக்காகன்னதும் வந்தே."

ரோலி மெல்ல உட்கார்ந்தான். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து மேசையைச் சுற்றி வந்து கிளெம்மின் முன் நின்று, "எந்த வருஷம் போனே?" என்று கேட்டான். "அறுபத்தெட்டு" என்றான் கிளெம். "நான் அறுபத்தொன்பது" என்றான் ரோலி. அந்த ஒலிபெருக்கி இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. வெளியில் பேண்டு வாத்தியக்காரர்கள் சுருதி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"டெல்மா, அதை இடது பக்கம் குத்தி விடு" என்றாள் எட்னா.

ஊசி இரண்டு முறை கோட்டில் வழுக்கியது. கிளெம் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம். இது இந்தப் பக்கம் வந்துட்டா லெஸ்ஸுக்குன்னு நிக்க யாரு இருக்கா?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று எட்னா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பெத்தவ நான் நிக்கறேன். நீ போய் உன் வரிசையில நில்லு."