அவர்கள் வீடு, என் பெயரில் கரண்ட்

ஓடிபி வந்தது. என் கையில் இருந்த போனில், என் கண் முன்னால் வந்தது. மறுமுனையில் காத்திருந்த பெண்ணிடம் வரவில்லை என்று சொன்னேன்.

செய்த தப்பு இதுதான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரார் குறைகளை எல்லாம் எழுதுகிறேன். என் குறைக்கு மட்டும் இதுவரை இடம் போதவில்லை… இந்த வாரம் ஒதுக்கிவிட்டேன்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்களே, அந்த அறிவுரையை என் அளவுக்குச் சிரத்தையாகக் கடைப்பிடித்தவர் யாராவது உண்டா? தெரியவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகிற ரோட்டில், ஒரு லேஅவுட்டில் எனக்கு வீடு இருந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மேலாளர். அதாவது, அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். மனைவி போன பிறகு மகன் வந்து கூப்பிட்டான். கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் அவனுக்கு ஃபிளாட். ஓசூர் வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

வாங்கியவர் முருகேசன். விருத்தாசலம் பக்கத்துக்காரர். என் பிரிவில் ஆபரேட்டராக இருந்தவர். பதிவு அலுவலக வாசலில், கையில் ஒட்டிய மை காய்வதற்குள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அந்த ஈபி பேரு மாத்தணும்ல… உங்ககிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கியாரச் சொன்னாங்க."

"அதுக்கென்ன முருகேசன், மெதுவாப் பண்ணிக்கலாம்" என்றேன்.

மேலாளராக இருந்தவனுக்கு முடியாது என்று சொல்ல வராது. பார்க்கலாம், பண்ணலாம், பேசிக்கலாம்… இந்த மூன்று வார்த்தைகளை வைத்துத்தான் முப்பது வருடம் ஓட்டினேன்.

ஏன் தரவில்லை? என் கார்தான் காரணம்.

தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வைத்த கார். அதைக் கர்நாடகாவிலேயே நிரந்தரமாக வைத்து ஓட்டினால், அங்கே சாலை வரி கட்டி, நம்பரை மாற்ற வேண்டும். அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம் அவ்வப்போது நிறுத்துவார்கள்.

"யாவ ஊரு சார்?"

"ஓசூரு."

சொல்லிவிட்டு, டாஷ்போர்டைத் திறந்து, இணையத்திலிருந்து எடுத்து வைத்த கடைசி ஈபி ரசீதை நீட்டுவேன். ஓசூர் முகவரி, என் பெயர். வேறென்ன ஆதாரம் வேண்டும்? போலீஸ்காரர் கையைக் காட்டிவிடுவார். கரண்டை எரிப்பது முருகேசன், பில் கட்டுவது முருகேசன், ரசீதை மடித்து வைத்துக்கொண்டு ஓசூர்க்காரனாக உலா வருவது நான். ரேஷன் கார்டும் அந்த முகவரியில்தான். பொங்கலுக்குப் பொங்கல், ஓய்வூதியம் வாங்குகிற ஒரு பெரிய மனிதர் மாநில எல்லையைக் கடந்து போய் வரிசையில் நின்று கரும்பு வாங்கி வந்தார் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

வருடங்கள் ஓடின. முருகேசன் எப்போதாவது போன் செய்து நினைவுபடுத்துவார். நானும் பார்க்கலாம் என்பேன். இதே காலத்தில்தான், பெயர் மாற்றத்துக்காக அரசு அலுவலகங்கள் மக்களை எப்படி அலைக்கழிக்கின்றன என்று இதே பக்கத்தில் பொங்கி எழுந்தேன். உங்களில் பலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள். அதைத் திருப்பித் தர வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முருகேசனின் மனைவி மலர்க்கொடி பி.காம். படித்தவர். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். அந்த லேஅவுட் முழுக்க ஷிஃப்ட்டுக்குப் போகிற குடும்பங்கள். எந்த வீட்டில் யாருக்கு மாவு அரைக்க நேரம்? வியாபாரம் பிடித்துக்கொண்டது. சூளகிரியில் புதிதாக வந்த தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மெஸ்காரர், தினமும் மாவு வேண்டும், பெரிய கிரைண்டர் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு அது பெரிய வாய்ப்பு. முருகேசனின் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் வேறு.

பெரிய கிரைண்டருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். வியாபாரத்துக்குத் தனி இணைப்பு வேண்டும். அதற்கு முதலில் வீட்டு இணைப்பு அவர்கள் பெயருக்கு வர வேண்டும் என்றார்கள். மலர்க்கொடி என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. இணையத்தில் தானே விண்ணப்பம் போட்டார். பத்திரம், வீட்டு வரி ரசீது எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியில் ஓடிபி. இணைப்பில் பதிவான நம்பருக்குத்தான் போகும். பதிவான நம்பர் யாருடையது?

போன் வந்தது.

"சார், மலர்க்கொடி பேசறேன். உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், சொல்றீங்களா?"

'டிங்' என்றது. காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு எண்கள், பளிச்சென்று. அவற்றைப் பார்த்தபோது எனக்கு மலர்க்கொடி தெரியவில்லை. மெஸ் தெரியவில்லை. டாஷ்போர்டு தெரிந்தது.

"ஒண்ணும் வரலையேம்மா."

"மறுபடி அனுப்பறேன் சார்."

டிங்.

"ம்ஹூம். இது பார்டர் ஏரியா பாரு… டவர் கிடைக்கல போலிருக்கு."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் இதே நாடகம். டவர் என் சொல்படி நடந்துகொண்டது.

மெஸ்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? கை நழுவிவிடுமோ என்ற பயத்தில், பெரிய கிரைண்டரை வாங்கி வீட்டு லைனிலேயே ஓட்டிவிட்டார்கள். யாரோ புகார் கொடுத்தார்கள். ஈபியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். டிரம்மில் பாதி அரைபட்ட மாவு. அண்டாவில் ஊறிய அரிசி. மறுநாள் காலை மெஸ்ஸுக்கு மாவு போகவில்லை.

புகார் யார் பெயரில் பதிவாகும்? எனக்குப் போன் வந்தது. வீட்டு இணைப்பில் மாவு வியாபாரம் செய்வதாக என் மீது குற்றச்சாட்டு, நேரில் வரவும்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே… குற்ற உணர்ச்சி இல்லை, கோபம். என் பெயரில் மாவு விற்பதா? காரை எடுத்துக்கொண்டு போனேன். பிரிவு அலுவலகத்தில் முருகேசன் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நேராகக் கணினி முன் இருந்த அம்மாவிடம் போனேன்.

"மேடம், அந்த வீட்டை வித்து வருஷக்கணக்காச்சு. எனக்கும் அந்த மாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வித்துட்டீங்களா? அப்புறம் பேரு மட்டும் ஏன் சார் உங்களுதே இருக்குது?"

"அவங்க மாத்திக்கல. அதுக்கு நான் என்ன பண்றது?"

"போட்டிருக்காங்களே சார் ஆன்லைன்ல. இங்க பாருங்க, ஓடிபியிலயே நின்னு நின்னு போயிருக்குது. திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க. எல்லாம் உங்க நம்பருக்குத்தான் போயிருக்குது."

மேலே சுற்றிய மின்விசிறியைத் தரக் கட்டுப்பாட்டுப் பார்வையுடன் ஆராய்ந்தேன்.

பின்னாலிருந்து முருகேசன் சொன்னார். "சாருக்கு அங்க டவர் கிடைக்காதுங்க மேடம். பார்டர் பாருங்க. அவரு மேல தப்பில்ல. நாங்கதான் நேர்ல போயி வாங்கியாந்திருக்கணும்."

"அத்திப்பள்ளியில டவர் கிடைக்காதா?" அந்த அம்மா முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்க அக்கா வூடு அங்கதான் சார். நாள் பூரா வீடியோ கால்லதான் இருக்குது."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை.

"ஏங்க, அவரு கையெழுத்து தரலன்னா உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து மாத்திட்டு இருக்கலாம்ல? யாரும் சொல்லலையா?" என்று முருகேசனிடம் கேட்டார்.

"சொன்னாங்க மேடம். சாரைத் தாண்டிப் போற மாதிரி ஆயிடும்னு… எங்க சாரு தருவாருன்னு இருந்துட்டேன்."

என் கீழே வேலை செய்த காலத்தில், ஒரு பாகத்தில் மயிரிழைக் கீறல் என்று அவர் ஷிஃப்ட் முழுக்கச் செய்ததை நான் ரிஜெக்ட் செய்திருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் நின்றார்.

ஒரு தாள் வாங்கி அங்கேயே சம்மதக் கடிதம் எழுதினேன். சில வரிகள்தான். ஓடிபி வந்தது. அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன். டவர் அருமையாகக் கிடைத்தது.

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். முருகேசன் அபராதச் சீட்டுக்காக அலுவலகத்தில் நின்றுவிட்டார். மலர்க்கொடி வாசலில் டிரம்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தெருவே புளித்த வாடை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு ஓடிபி வந்துச்சு. நான்தான் வரலைன்னு சொன்னேன்."

அவர் டிரம்மிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் சார்."

"எப்படி?"

"டிங்குனு சத்தம் கேட்டுச்சே. நான் மறுபடி அனுப்பறப்பல்லாம் உங்க பக்கம் டிங்குனுச்சு."

"முருகேசன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லி? எங்க ஊருக்குப் போனாக்கூட உங்களப் பத்திதான் பேசுறாரு. எங்க சாரு வூடு, எங்க சாரு குடுத்ததுன்னு. இத்தனைக்கும் காசு குடுத்துதான வாங்கினோம்." தண்ணீரைக் கவிழ்த்தார். "அவரு நெனப்பை எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று கேட்டேன். "பரவால்ல சார், காபி சாப்பிடுறீங்களா?" என்றார். கரண்ட் இல்லாத வீடு, சாப்பிடாமல் திரும்பினேன்.

அதன்பிறகு பரிகாரம் செய்கிற வேகம் வந்துவிட்டது எனக்கு. அபராதத்தை நானே கட்டினேன். முருகேசன் கண் கலங்கி, "உங்க மனசு யாருக்கு வரும் சார்" என்றார். எனக்கு அபராதம் அதுதான். சூளகிரிக்குப் போய் மெஸ்காரரைப் பார்த்தேன். தெலுங்கு வாசனை அடிக்கிற தமிழில் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்தம்மா மாவு பஸ்ட் கிளாஸ் சார். நான் இல்லேன்னு சொல்லலே. ஆனா அன்னிக்குக் காலைல ஷிஃப்ட் ஆளுங்க வந்து தட்டு ஏந்தி நிக்கறாங்க, மாவு லேது. நான் ஏம் செய்யாலி, என்ன பண்றது? வேற ஆளு செட் ஆயிட்டாங்க."

"தப்பு என்னுடையதுங்க."

"எவருது ஆனா என்ன சார். இட்லிக்குத் தெரியுமா அது?"

காருக்கும் வரி கட்டி, கர்நாடக நம்பர் வாங்கிவிட்டேன். இப்போது அத்திப்பள்ளியில் யாரும் நிறுத்துவதில்லை. ஓசூர் பக்கம் வந்தால் தமிழ்நாட்டு போலீஸ் நிறுத்துகிறது. எந்த ஊர் சார் என்று கேட்கிறார்கள். அத்திப்பள்ளி என்று சொன்னால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உண்மை பேசிப் பழக்கமில்லாத முகம், என்ன செய்வது?

போன மாதம் மலர்க்கொடிக்குத் தனி இணைப்பு வந்துவிட்டது, அவர்கள் பெயரிலேயே. மெஸ் போனது போனதுதான். லேஅவுட் வீடுகளுக்கும் இரண்டு கடைகளுக்கும் மட்டும் அரைக்கிறார். முருகேசன்தான் போனில் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவர் ஷிஃப்ட்டில் இருந்தார். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம் தெருவரை கேட்டது. பெல் அடித்தால் காதில் விழாது என்று மலர்க்கொடிக்குப் போன் போட்டேன்.

ரிங் போனது. கிரைண்டர் நின்றது. ஜன்னல் வழியாகப் போன் அடிப்பது எனக்கே கேட்டது. முழுதாக அடித்து ஓய்ந்தது. கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இன்னொரு முறை போட்டேன். மறுபடி நின்றது. மறுபடி ஓடியது.

பாக்ஸைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மலர்க்கொடியே கூப்பிட்டார்.

"ஸ்வீட் கேட்ல இருந்துச்சு சார். எதுக்கு சிரமம்? தேங்க்ஸ் சார்."

"நேத்து வாசல்ல நின்னு போன் பண்ணினேனேம்மா."

"அப்படீங்களா? ஒண்ணும் வரலையே சார்" என்றார், ரொம்ப நிதானமாக. "பார்டர் ஏரியா பாருங்க. டவர் கிடைச்சிருக்காது."

உத்தனப்பள்ளி ரோட்டில் ஏது பார்டர்? அந்த வீட்டைக் கட்டியவனே நான்தான். "ஆமாம்மா, டவர்தான்" என்றேன்.