வயிற்றில் விழுந்த கட்டு

வியர்வையில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, ஓரமெல்லாம் சொரசொரத்துப்போயிருந்த அந்தக் கறுப்பு சீட் பெல்ட் கழுத்தில் படும் இடம் முதலில் அரிக்கும், பிறகு எரியும், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சிவந்து தடித்துவிடும். பெரியவர்களின் தோளுக்காக வைத்த பெல்ட், மூன்றாம் வகுப்புப் படித்த எனக்குக் கழுத்தில்தான் வந்து விழுந்தது. அப்பா ஓட்டியது ஒரு கான்ட்ராக்டரின் சரக்கு வேன். முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் முழுக்கச் சாமான். காலையில் கராச்சர்மாவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, டெலானிபூரில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டிக்கு அவர் போவார்.

வேனுக்கு வருமுன் அப்பா ஜெட்டியில் "லாஷிங்" ஆள். தீவுக்குத் தீவு போகும் கப்பல்களில் ஏற்றிய டிரம்மையும் மூட்டையையும் மோட்டார் சைக்கிளையும், கடல் எப்படிப் புரட்டினாலும் நகராதபடி கயிறும் பட்டையும் போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. கார் நிக்கோபாருக்குப் போன ஒரு கண்ணாடி பீரோ, பேய்க்காற்றில் கப்பல் தத்தளித்தும் கீறல் விழாமல் போய்ச் சேர்ந்த கதையை ஜெட்டி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் சொல்லாமல் போகமாட்டார்கள். "ராம்நாடுக்காரன் கட்டுனா கப்பல் கவுந்தாலும் சாமான் கவுழாது" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே யாரும் ஒதுங்கியிராத எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பேச்சுதான் பட்டம், பதவி எல்லாம்.

ஒருநாள் இரவு என் கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா, "புள்ள கழுத்தைப் பாத்தீங்களா, உரிச்ச கோழி மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காலையிலேயே அப்பா வழி கண்டுபிடித்துவிட்டார். "கழுத்துல எதுக்கு? நடுவுல புடிச்சாத்தான் எந்தச் சாமானும் நகராது." தோள்மேல் போகவேண்டிய பட்டையை என் அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, இடுப்புப் பட்டையையும் மேலே தூக்கி, இரண்டையும் வயிற்றில் சேர்த்து, உறுத்தாமல் இருக்க அம்மாவின் பழஞ்சேலையைச் சுற்றி, மிச்சத் தொய்வைக் கயிற்றால் இழுத்து இருக்கையின் இரும்புக்காலில் முடிந்தார். கழுத்து ஆறிவிட்டது. அந்தச் சேலைத்துணியின் மெத்தென்ற இறுக்கத்தில் நான் வழியிலேயே தூங்கியும் போனேன்.

பள்ளிக்கூட வாசலில்தான் தொல்லை. முடிச்சை அவிழ்க்க நேரமாகும். அதற்குள் பையன்கள் கூடிவிடுவார்கள். "அரே, பார்சல் ஆ கயா!" என்று, பார்சல் வந்துவிட்டதாக ஒருவன் கத்துவான். இன்னொருவன் கண்ணாடியைத் தட்டி, "அந்தர் க்யா ஹை?" என்று உள்ளே இருப்பது என்னவென்று விசாரிப்பான். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே அவிழ்ப்பார். எனக்குக் காது இரண்டும் கொதிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு காலை, டெலானிபூர் இறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி எதிலும் மோதவில்லை, ஆடும் தப்பித்துப் போனது. நான் மட்டும் அந்தக் கட்டின்மேல் இரண்டாக மடிந்துபோனேன். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, ஒரு இஞ்சு நகரல!" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் என் சட்டையைத் தூக்கியபோது வயிற்றுக்குக் குறுக்கே, பட்டையின் அகலத்துக்கே, நீலம் பாரித்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்குமோ என்று படுக்கவைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை. எப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்க, கப்பலில் பீரோ கட்டிய கதையைச் சொல்லும் அதே விவரத்தோடு அப்பா சொன்னார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "பையா, பச்சா ஹை. சாமான் நஹீ" என்றார், அண்ணா, இது பிள்ளை, சாமான் இல்லை என்று. கோபமே இல்லாத குரல். பிறகு என் இடுப்பெலும்பையும் நெஞ்செலும்பையும் தொட்டுக் காட்டி, எலும்பு இருக்கிற இடம் அடியைத் தாங்கும், வயிற்றில் குடல்தான் இருக்கிறது, இந்த உயரப் பிள்ளையைப் பின்இருக்கையில் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைத்தால்தான் பெல்ட் இடுப்பிலும் தோளிலும் சரியாக விழும் என்று எளிய இந்தியில் விளக்கினார். அப்பா கைகட்டி நின்றபடி ஒவ்வொன்றுக்கும் "ஜி, ஜி" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வலி அடங்கியிருந்தது. நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்பது அந்த வார்டுக்கே தெரிந்துவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

வேனுக்குப் பின்இருக்கை கிடையாது. ஆகவே பஸ். அப்பா தினமும் பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டு, அதே வழியில் காலி இருக்கையோடு வேனை ஓட்டிப் போவார். வீட்டில் அதிகம் பேசாதவர். அந்த அரைமணி நேர வேன் பயணத்தில்தான் கப்பல், கடல், ஊர் என்று வாய் ஓயாமல் பேசுவார். எனக்கு அது திரும்பக் கிடைக்கவேண்டும் என்றிருந்தது. "நான் கெட்டியாப் புடிச்சுக்கிறேன்ப்பா, உங்ககூட வர்றேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "வேணாம்ப்பா. எனக்குக் கட்டத் தெரியாது" என்றார். ஜெட்டி முழுக்கக் கட்டுக்குப் பேர்போன மனிதர், பஸ் நிறுத்தத்தில் நாலுபேர் காதுபட அதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவி, "பார்சல் டேமேஜ் ஹோ கயா" என்று பையன்கள் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது எனக்கு ஓர் அலுவலக வேலையும் ஒரு சின்னக் காரும் இருக்கின்றன. அக்கா மகளுக்காக கடலுக்கு அந்தப்பக்கம் மெயின்லேண்டிலிருந்து குழந்தை இருக்கை வரவழைத்தேன். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று பட்டைகள். கழுத்தில் உரசாத மெத்தை உறை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்இருக்கையில் பொருத்திவிட்டு, எது எந்த எலும்பில் விழவேண்டும் என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கைகட்டி நின்று "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

குழந்தைக்கு இதெல்லாம் தெரியாதே. "தாத்தாதான் போட்டுவிடணும்!" என்று அடம்பிடித்தாள்.

"மாமா நல்லாப் போடுவான்டா கண்ணு" என்றார் அப்பா.

"மாமா வேணாம், போ!"

அப்பா குனிந்தார். ஒவ்வொரு பட்டையையும் சரியான இடத்தில்தான் வைத்தார். கொக்கியை அழுத்தினார். "சரியாப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மறுபக்கமாகக் குழந்தைக்குப் பக்கத்தில் ஏறுவதற்காகக் காரைச் சுற்றிக்கொண்டு போனார். நான் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். என் கையே உள்ளே போகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது.

அந்த வேன் எப்போதோ உடைப்புக்குப் போய்விட்டது, ஜெட்டியில் அப்பாவோடு கட்டியவர்களும் இல்லை. ஆனால் எதையும் நகரவிடாத அந்தக் கையும் போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வந்து உட்காருவதற்குள் பட்டையை அவசரமாக இழுத்து இறுக்கினேன்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "லூசா இருந்துச்சோ?"