பச்சைப் பொட்டு வைத்த ஜாயிண்ட்

மூக்கையாவுக்கு உலகத்தில் ஆட்கள் இரண்டே வகை. குழாய் மாட்டத் தெரிந்த மூக்கையா. தெரியாத மற்ற எல்லாரும்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவர். வந்து முப்பத்தியொரு வருசம். அஞ்சாப்புக்கு மேல் படிக்கவில்லை. படித்தவன் மாட்டிய குழாயைத்தான் தினமும் கழற்றித் தொலைக்க வேண்டியிருக்கிறது என்பார். முடித்த ஜாயிண்டில் பச்சை பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். “பொட்டு வச்சது ஒண்ணு ஒழுகுனா, ரென்ச்சத் தூக்கிப் போட்டுட்டு மாடு மேய்க்கப் போயிருவேன்” என்ற சவடால் ஊருக்கே தெரியும்.

அன்று முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி கூப்பிட்டிருந்தது. கட்டிங் மேசைக்கு நேர் மேலே, இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் சேரும் இடத்தில் சொட்டு. கீழே துணி விரிக்க முடியவில்லை. ஏணியில் ஏறிப் பார்த்தால், ஜாயிண்டைச் சுற்றிப் பந்து பந்தாகப் பனியன் வேஸ்ட் துணி. அதன்மேல் சைக்கிள் டியூப் கட்டு.

“என்னய்யா மேனேஜரு, குழாய்க்குக் குளிருதுன்னு சட்டை தச்சுப் போட்டிருக்கீகளா?”

ஏணியைப் பிடித்திருந்த மேனேஜர் தீனதயாளன் நெளிந்தார். “சொட்டு நிக்கலீங்க. கையில கெடச்சதச் சுத்துனோம்ங்க.”

“நல்லாச் சுத்துனீக. இந்த ஊருல எது ஒழுகுனாலும் வேஸ்ட்டுத் துணிதான் மருந்து. வெரல் அறுந்தாலும் அதத்தான் சுத்துறீக.”

துணியை உரிக்க உரிக்க வசவும் நீண்டது. உள்ளே, இரண்டு குழாயையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளிங்கில் நீளவாக்கில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“இரும்பு மரைக்கு மேல பிளாஸ்டிக்க மாட்டி, ரென்ச்சப் போட்டு முறுக்கோ முறுக்குன்னு முறுக்கியிருக்கான். உள்ள போகப் போக இரும்பு ஆப்பு மாதிரி விரிக்கும்ல? அன்னைக்கு ஒழுகாது. பல வருசம் கழிச்சு வெடிக்கும். எந்தக் கூமுட்ட செஞ்ச வேல இது?”

“தெரியலீங்க. நான் வர்றதுக்கு முன்னாடி போட்டதுங்க.”

கடைசிச் சுற்றும் உரிந்தது. விரிசலுக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு.

அது மூக்கையா வைத்த பொட்டு. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் இந்த ஷெட் கட்டும்போது தானே வந்து குழாய் மாட்டியது ஞாபகம் வந்தது. இரும்பிலேயே பழகிய கை. அந்த முரட்டுப் பலத்தைப் பிளாஸ்டிக்குக்கும் கொடுத்திருக்கிறது. பொட்டைச் சுரண்டிவிட்டால் கீழே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நகத்தையும் வைத்துவிட்டார். சுரண்டுகிற ஆளாகத் தன்னை நினைத்துப் பார்க்கப் பிடிக்காமல் கையை எடுத்தார்.

“அந்தக் கூமுட்ட நாந்தான்யா.”

“அட, விடுங்கண்ணா. தப்பு யாருக்கும் வர்றதுதானுங்களே.”

“ஒம்ம சமாதானத்த யாரு கேட்டா? ஏணியப் பிடியும்.”

வால்வை மூடி, பழையதைக் கழற்றிவிட்டு, இரும்பு ஏறினாலும் விரியாத பித்தளை மரை வைத்த கப்ளிங்கை எடுத்தார். இரும்பு மரையில் ஒழுக்கு அடைக்கும் டேப்பைச் சுற்றினார். கையால் திருகி, அது நின்ற இடத்திலிருந்து ரென்ச்சால் ஒரே ஒரு சுற்று. வால்வைத் திறந்தார்கள், சொட்டு இல்லை. பெயிண்ட் டப்பாவை அவர் தொடவில்லை.

“ஷெட் கட்டுன அந்த வாரம் இங்க இன்னும் ஆறு ஜாயிண்ட் போட்டேன். எல்லாத்தையும் காட்டும்.”

“அதெல்லாம் ஒழுகலீங்களே?”

“ஒழுகும். போட்டவன எனக்குத் தெரியும்” என்று ஏணியைத் தோளில் தூக்கினார்.