வெயிலில் கிடந்த சைக்கிள்

குண்டுமணியிலும் சிறிய வெளிச்சம் அது. சைக்கிளின் ஹாண்டிலுக்குக் கீழே, தீப்பெட்டியில் பாதியளவான ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருக்கும் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் எரிந்து அணையும். பச்சை நின்று எரிந்தால் பற்றரி நிறைய இருக்கிறது. பச்சை விட்டுவிட்டு எரிந்தால் அரைவாசி. சிவப்பு நின்று எரிந்தால் கால்வாசி. சிவப்பும் விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சைக்கிளோடு வந்த விளக்கத் தாளை முழுவதுமாக வாசித்தவன் எங்கள் குடும்பத்தில் நான் மட்டுமே. சைக்கிளை ஓட்டியவர் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இருதயத்தில் ஸ்டென்ற் வைத்த பிறகு கிளிநொச்சி வீட்டில் ஒரு வருடம் சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தார். கேற்றடிக்குப் போனாலும் அக்கா பின்னால் போவா. மெதுவாக சைக்கிள் ஓடலாம் என்று டொக்டர் சொன்னதும், சுவிஸில் இருக்கும் மகன் தன் பழைய சைக்கிளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். அதில் கியர் மாற்றக் கம்பி கிடையாது. பொத்தானைத் தட்டினால் ஒரு சின்ன மோட்டார் 'சிர்ர்' என்று சங்கிலியைத் தூக்கி அடுத்த பல்லில் போடும். பற்றரி அதற்கு மட்டும்தான், மிதிக்க வேண்டியது கால். அத்தான் அன்றைக்கே கதிரையை மடித்துக் கொட்டிலுக்குள் வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீருக்கு முன்பே சைக்கிளைக் காட்டினார். பின்சில்லைத் தூக்கிப் பிடித்து எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கி, கடைசியில் வெளிச்சத்தையும் எரித்துக் காட்டுவார். ஓடிச் செலவான பற்றரியைவிடக் காட்டிச் செலவான பற்றரி கூட என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா. "இஞ்சாருங்கோ, ஒரு நாளாவது போன் எடுத்து, ஏத்த வாங்கோ எண்டு கேட்டீங்களெண்டா, அடுத்த நாளே சைக்கிள் கொழும்புக்குப் பெறாமகனிட்டப் போயிடும்." சொன்னதைச் செய்கிறவா என் அக்கா. சைக்கிள் போனால் மடித்து வைத்த கதிரை திரும்பி வரும் என்பது அத்தானுக்குத் தெரியும். துணைக்குப் போகும் பொறுப்பும் சார்ஜரை வைத்திருக்கும் பொறுப்பும் எனக்கு வந்தன. சார்ஜரை என் அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். பொருட்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

சிக்கல் என்னவென்றால், சிவப்பு வருமுன் சார்ஜ் போட அத்தான் விடமாட்டார். சிவப்பு வந்த பிறகும் விடமாட்டார். "சிவப்பெண்டாலும் எரியுதுதானே தம்பி. எரியிற வரைக்கும் சாமான் இருக்கு" என்பார். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று வன்னியில் என் வயதுக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சோடி றேடியோ பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. அது களைத்துப்போனால் எறிய மாட்டோம், வெயிலில் காயவைப்போம். புது மாப்பிள்ளையாக இருந்த அத்தான், அக்கா மிளகாய் காயப்போட்ட அதே சுளகில் பற்றரிகளையும் வரிசையாக அடுக்கி, பொழுதுக்கு இரண்டு முறை புரட்டிவிடுவார். மாலையில் றேடியோ கொஞ்ச நேரம் முனகும். அந்த முனகலில் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பற்றரி என்றால் கடைசித் துளிவரை பிழிய வேண்டியது என்பது அவருக்குள் ஊறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் ஆனையிறவுக்குப் புறப்பட்டபோது வெளிச்சம் சிவப்பு. சொன்னேன். வழக்கமான பதில் வந்தது. சோளகக் காற்று முதுகில் தள்ள, அத்தான் ஆகப் பாரமான கியரில் பறந்தார். நான் என் சாதாரண சைக்கிளில் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். உப்பளம் தெரியும் இடத்தில் திரும்பினோம். திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. அத்தான் பொத்தானைத் தட்டினார். சத்தம் இல்லை. முன்பல்லும் மாறவில்லை, பின்பல்லும் மாறவில்லை. ஆகப் பாரமான கியரில் சங்கிலி அசையாமல் நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தும் பத்தடி போகவில்லை. சைக்கிளை மாற்றிக்கொள்வோம் என்று நான் ஏறிப் பார்த்தேன். என் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஓட்டோ ஒன்றைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"ஓட்டோவில ஏறினால் எனக்குக் கதிரைதான் தம்பி," என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகு சைக்கிளைத் தெருக்கரையில் வெயிலில் கிடத்தினார். பற்றரி இருப்பது சீற்றைத் தாங்கும் குழாய்க்குள். அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பிவைத்தார். வெயிலில் வைக்கவே கூடாது என்று தாளில் சூரியனைக் கீறி, மேலே குறுக்குக் கோடும் போட்டிருப்பதைச் சொன்னேன். "அது அங்கத்தைய வெயிலுக்கு எழுதினது," என்றுவிட்டு பஸ் தரிப்பிட நிழலில் போய் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை எழும்பிப் போய்ச் சைக்கிளை மறுபக்கம் புரட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அக்காவுக்கு மீன் கொடுக்கும் மீன்காரர் மோட்டார்சைக்கிளில் எங்களைக் கடந்து போயிருக்கிறார். விழுந்து கிடக்கும் சைக்கிளையும் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் ஆளையும் பார்த்தவர், காற்றின் வேகத்தில் நிற்காமலே போய், பளைப் பக்கம் நின்று அக்காவுக்கு போன் எடுத்துவிட்டார்.

அக்கா ஓட்டோவில் வந்து இறங்கியபோது கண் சிவந்திருந்தது. அத்தான் எழும்பி உட்கார்ந்து, கையில் அரைவாசி குடித்த சோடாப் போத்தலோடு அவவைப் பார்த்தார். அக்காவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"நான் போன் எடுக்கேல்லையப்பா," என்றார் அத்தான், முந்திக்கொண்டு. "கேட்டுப்பார், தம்பி சாட்சி."

"ஏறுங்கோ ஓட்டோவில."

"ஏத்தச் சொல்லியும் கேக்கேல்லை."

அக்கா என்னைப் பார்த்தா. போன் எடுக்கவில்லை, கேட்கவும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சாரதி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நியாயம் கேட்க இறங்கி வந்தார். அத்தான் போய்ச் சைக்கிளை நிமிர்த்தி, பொத்தானை அழுத்தினார். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தது. நான் பின்சில்லைத் தூக்கிப் பிடிக்க, அவர் மிதியைக் கையால் சுற்றியபடி கியரைத் தட்டினார். 'சிர்ர்.' இன்னொரு தரம். சங்கிலி பின்பக்கம் ஒவ்வொரு பல்லாக ஏறி, ஆகப் பெரிய, மிதிக்க ஆக இலேசான பல்லில் போய் உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. களைத்த பற்றரி ஓய்வெடுத்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும், வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பின்னர் மகன் விளக்கினான். அத்தான் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

அதன் பிறகு நடந்தது ஓர் ஊர்வலம். முன்னால், சோளகத்துக்கு எதிரே, நடப்பவரை முந்த முடியாத வேகத்தில் அத்தான். அவர் பின்னால் நான். எனக்குப் பின்னால், உருளுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் ஓட்டோ, அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்கா. பரந்தன் சந்தியில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சவ ஊர்வலம் என்று நினைத்து யாரோ தொப்பியைக் கழற்றினார். வீட்டுக் கேற்றடியில் அத்தான் இறங்கவில்லை. மிதித்தபடியே உள்ளே போய், சைக்கிளைக் கொட்டிலில், மடித்த கதிரையின்மேல் சாய்த்தார். அக்கா ஓட்டோவை அனுப்பிவிட்டு வந்து கொட்டிலை எட்டிப் பார்த்தா. கடைசியில், இனிமேல் கேற் திறக்குமுன் வெளிச்சத்தைத் தானே பார்ப்பதாகச் சொன்னா. சைக்கிள் கொழும்புக்குப் போகவில்லை.

இப்போது இருவரும் சுவிஸில் மகனோடு இருக்கிறார்கள். சைக்கிள் என் விறாந்தையில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அக்கா வீடியோவில் வருவா. "தம்பி, லைற்றைக் காட்டு." போன ஞாயிறு காட்டினேன். சிவப்பு. உடனே சார்ஜ் போடச் சொன்னா. அவவின் தோளுக்குப் பின்னால், கழுத்துவரை கம்பளி சுற்றிய அத்தான் விரலை நீட்டி, வெயில் விழும் என் முற்றத்தைக் காட்டினார்.

போனை வைத்ததும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அலுமாரியைத் திறக்குமுன், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, சைக்கிளை முற்றத்துக்கு உருட்டிப்போய்ச் சற்று நேரம் வெயிலில் கிடத்தினேன். மறுபக்கமும் புரட்டிவிட்டேன். பிறகு பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சிவப்புத்தான். ஆனால் முன்னையைவிடக் கொஞ்சம் நன்றாக எரிவதுபோல இருந்தது.