வராத படகுகள்: பூஜ்யம்

கீழவைப்பார் மீனவர் சங்கத்து அலுவலகத்தில் ஜெப்ஸியின் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. நாசரேத்தில் வாத்தியார் மகளாகப் பிறந்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டேட்டாபேஸ் வேலை பார்த்து, மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் வாங்க வந்த வளனைக் காதலித்து, கடற்கரைக்கு வாழ வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் சங்கத்து நோட்டுகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "இனி எல்லாம் டேபிள்லதான்" என்று சட்டம் போட்டுவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரி. வாயிலும்தான்.

அவள் கம்ப்யூட்டரில் போட்டது இரண்டே டேபிள், அதாவது அட்டவணை. கடலுக்குப் போன படகுகள் ஒன்றில், கரைக்கு வந்தவை இன்னொன்றில். காற்று எச்சரிக்கை வந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். போனவற்றில் எதெல்லாம் வந்தவற்றில் இல்லை என்று அவள் எழுதிய குவெரி, அதாவது தேடும் கட்டளை, பார்த்துச் சொல்லிவிடும். சங்கம் அந்தப் படகுகளுக்கு மட்டும் போன் போட்டுத் திருப்பி அழைக்கும்.

அன்று எச்சரிக்கை வந்தது. மூன்று மணிக்கு மேல் பலத்த காற்று. ஒரு மணிக்கு ஜெப்ஸி பட்டனைத் தட்டினாள். வராத படகுகள்: பூஜ்யம்.

"அப்பாடா! எல்லாரும் வந்துட்டாவ. ஏலே மாரிராஜ், டீ சொல்லுலே," என்றாள் சங்கச் செயலாளர் பிரேமா. மாரிராஜ்தான் கரையில் நின்று, வருகிற படகுகளை டேபிளில் பதிவு செய்கிறவர்.

ஜெப்ஸிக்கு டீ இறங்கவில்லை. காலையில் வளன் கடலுக்குக் கிளம்பும்போது அவனோடு பெரிய சண்டை. கரையில் கால் வைத்ததுமே சமாதானத்துக்கு ஓடி வருகிற ஆள் அவன். வந்திருந்தால் இந்நேரம் அலுவலக வாசலில் நின்று இருமிக்கொண்டிருக்க வேண்டுமே! ஐந்து தடவை போன் அடித்தாள். மணி போகிறது, எடுக்கவில்லை. வீட்டுக்குப் பேசினால், "அவன் இன்னும் வரலியே" என்றாள் மாமியார்.

வளன் வரவில்லை என்றால் குவெரி பொய் சொல்கிறது. அப்படியானால் கடலில் இன்னும் எத்தனை பேர்?

"அக்கா, இதை நம்பாதிய!" என்றாள். தன் வாயால் இப்படிச் சொல்வோம் என்று அவளே நினைத்ததில்லை.

வந்தவை டேபிளைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். ஒரு வரியில் நேரம் இருந்தது, படகு எண் இல்லை.

"மாரிராஜ் அண்ணே, இது யாரு?"

"கித்தேரியானோட புதுப் படகும்மா. வெள்ளோட்டம் போயிட்டு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச் சாமியார் வந்து மந்திரிச்ச பொறவுதானே பேரும் நம்பரும் எழுதுவாவ? அதுக்கு முன்னால நம்பர் கேட்டா கித்தேரியான் அடிக்க வாராரு. காலியா விட்டுட்டேன்."

ஜெப்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். நாசரேத்துக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எண் இல்லாத படகு ஒன்று இருக்கும் என்றே யோசிக்காமல், அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று வைத்தவள் அவள்தான். கம்ப்யூட்டரோ சந்தேகப் பிராணி. வளன் வரவில்லையா என்று கேட்டால், 'எண் தெரியாத அந்தப் படகு அவனுடையதாகவும் இருக்கலாமே, எனக்குத் தெரியாதப்பா' என்று கையை விரிக்கிறது. எந்தப் படகைக் கேட்டாலும் அதே பதில். வராதது என்று ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் பூஜ்யத்தைக் காட்டிவிட்டது.

எண் இல்லாத வரியை ஒதுக்கிவிட்டுத் தேடும்படி குவெரியை மாற்றினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். திரையில் மூன்று படகு எண்கள் வந்து நின்றன. மூன்றாவது வளனுடையது.

முதல் இரண்டு படகிலும் போனை எடுத்து, உடனே திரும்புகிறோம் என்றார்கள். மூன்றாவதற்குப் பிரேமாவின் போனிலிருந்து ஜெப்ஸியே அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான், படுபாவி!

"சொல்லுங்கக்கா."

"அக்காவா? காத்து வருதுலே! வலையைச் சுருட்டிட்டு வாலே!"

ஊர் முன்னால் புருஷனை 'நீங்க' என்று மட்டுமே பேசுகிறவள். பிரேமா நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டே முக்காலுக்கு மூன்று படகும் மணலில் ஏறின. பின்னாலேயே காற்று வந்து, கரையில் கிடந்த தெர்மாகோல் பெட்டிகளைத் தூக்கி அடித்தது. ஜெப்ஸி ஓடிப்போய் வளனின் ஈரச் சட்டையைப் பிடித்துக் குலுக்கி, ஓவென்று அழுதாள்.

"ஏளா, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். நான் அடிச்சா ஏன் எடுக்கல?"

"நீதானே காலையில, 'இனிமே எங்கிட்ட பேசாதே'ன்னு சொன்னே?"

"இத்தன வருஷத்துல நான் சொன்னத ஒரு நாளாவது கேட்டிருக்கியா? இன்னைக்குத்தான் கேக்கணுமா?"