சனிக்கிழமை நாற்காலிகள்

மேஜையில்லாமல் வட்டமாகப் போட்டிருந்த மர நாற்காலிகளைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. எழுபதுகளின் கடைசியில் ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். புதிதாக வந்த மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர். சனிக்கிழமை மதியம் பிரிவுத் தலைவர்களை எல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டு, இதுதான் வகுப்பு என்றார். பாடம் ஒன்றும் கிடையாது. ஒருவர் தன் வேலையில் தீராத சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், வழி சொல்லக் கூடாது. மெஷின் ஓடுகிற நேரத்தில் உட்கார்ந்து கதை பேசுவதா என்று வீட்டில் நான் புலம்பாத வாரமில்லை. யார் எதைச் சொன்னாலும் எனக்குப் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்குவது பெரும்பாடு.

என் முறை வந்தபோது மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். நாமக்கல் பக்கம் முதலாளி கட்டிக்கொண்டிருந்த புது மில்லுக்குத் தலைமை இன்ஜினியராகப் போக எனக்குக் கொள்ளை ஆசை. அதற்கு என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நூற்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, அதிர்ந்து பேசாதவர். அவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க போய்ட்டா இங்க யாருங்க பாப்பாங்க?"

யாருமில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு சுருக்கென்றது.

அது மின்வெட்டுக் காலம். சில வாரம் கழித்து, வகுப்பு நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கிப் போயிற்று. மில் மொத்தமும் சத்தமில்லாமல் நின்றது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"போகோணும்னா போங்க," என்றார் மேனேஜர். "ஆனா போய்ட்டீங்கன்னா, புது மில்லைப் பத்தி இனி பேச வேண்டாமுங்க."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தது உடம்பு மட்டும்தான். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும், எந்த நட்டைத் தளர்த்தினால் சரியாகும் என்பதெல்லாம் மனதுக்குள் ஓடியது. என் உதவி ஃபிட்டர் வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். அவனைக் கைவிட்டதுபோல இருந்தது. மேனேஜர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சற்றைக்கெல்லாம் அவன் கையாலேயே ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. நான் இல்லாமலே ஓடிவிட்டதே.

ஆசைப்பட்ட மாதிரியே புது மில்லுக்குப் போனேன், பெயரும் எடுத்தேன். நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அன்று எழாமல் உட்கார்ந்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

போன மாதம் அந்த ஃபிட்டர் என்னைப் பார்க்க வந்தார். திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நீங்க எந்திரிச்சு வந்திருந்தீங்கன்னா, நான் இன்னமும் யாருக்காச்சும் ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டுத்தானுங்க இருந்திருப்பேன்."

அந்த வகுப்பு எனக்காக நடந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.