ராணி லூயிஸின் வம்சமும் சோல்வையின் தம்பியும்

சோல்வை, எங்கள் நாட்டு அரசர்களைப் புதைக்கிற ரொஸ்கில்டே பேராலயத்தில் முப்பது வருடமாக வழிகாட்டி. நான் அங்கே வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். பெயர் மெரேத்தெ, வாய் கொஞ்சம் நீளம். ராணி லூயிஸின் கல்லறை முன்னால் நின்று சோல்வை அந்த வம்சத்தை ஒப்பிப்பதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். மூத்த மகன் இங்கேயே அரசன், மூத்த மகள் இங்கிலாந்துக்கு ராணி, அடுத்தவள் ரஷ்யாவுக்கு, ஒரு மகன் கிரேக்க நாட்டுக்கு. அப்புறம் பேரன் பேத்திகள், அவர்கள் பெண் எடுத்த இடம், கொடுத்த இடம். ஒரு காலத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைத்துச் சொல்வாள். இப்போது மளிகைச் சாமான் வாசிக்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்துகொள்கிறாள்.

“ஏன்டி, ராணி மேல கோவமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கோவப்படவும் தெம்பு வேணுமே. ஊரான் வீட்டுச் சம்பந்தத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, மெரேத்தெ.”

அவளுடைய வம்சம் ரொம்பச் சின்னது. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அம்மாவைச் சொந்த ஊரான தீஸ்டெட்டில் புதைத்திருந்தார்கள். மிச்சம் அதே ஊரில் இருக்கிற தம்பி டோர்கில் ஒருவன்தான். அவனோடும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அவனுடைய இருபத்தைந்தாவது திருமண நாள் விருந்தில், விருந்தாளிகள் கூடிப் பாடுகிற கேலிப் பாட்டை இவள்தான் எழுதினாள். அதில் அவன் குடியைப் பற்றி ஒரு வரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, அவன் மட்டும் எழுந்து, “வெளிய போ” என்றான். கோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

இந்த இலையுதிர் காலத்தில் ஊர்க்காரி ஒருத்தி போன் பண்ணினாள். அம்மாவின் கல்லறைத் தவணை முடிந்துவிட்டதாம், புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துத் தரையைச் சமன் செய்துவிடுவார்களாம். எங்கள் நாட்டில் அரச குடும்பத்தை விட்டால் செத்தவர்கள் எல்லாரும் வாடகைக் குடித்தனம்தான். கல்லறை டோர்கில் பெயரில் இருந்தது, முடிவு சொல்லும் உரிமை அவனுக்குத்தான்.

“நாளைக்குப் பேசறேன்” என்று இழுத்தாள் சோல்வை.

“அம்மா கல்லறை போகுதுடி! இதுக்கு நாள் வேற பாக்கணுமா?” என்று டிக்கெட் அறையிலேயே உட்கார வைத்துப் போனைக் கையில் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு பழக்கம். யாரோடு மறுபடி பேசினாலும் முதல் வார்த்தை, போன தடவைக்கு நன்றி. எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேச ஆரம்பிக்கும்போதே அதையும் சொல்லும், யோசித்தெல்லாம் யாரும் சொல்வதில்லை. தம்பியின் குரல் கேட்டதும் சோல்வை எழுந்து நின்றுவிட்டாள்.

“டோர்கில்லா? அக்கா பேசறேன். போன தடவைக்கு ரொம்ப நன்றிடா.”

போன தடவை! அவன் ‘வெளிய போ’ என்று துரத்திய விருந்தல்லவா அது! டோர்கில் போனை வைத்துவிட்டான்.

“ஐயோ, நான் வேணும்னு சொல்லலையே!”

“எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேணாமா? மறுபடி போடு.”

“முடியலடி. ஒன்பது வருஷத்துத் தைரியத்தைச் சேத்து வெச்சு ஒரு தடவை பேசினேன். தீந்துபோச்சு.”

ஒரு வாரம் பொறுத்தேன். அவள் அசைகிற வழியாகக் காணோம். டோர்கில் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன்.

“நான் சோல்வையோட சிநேகிதி. அவ குத்திக் காட்டலப்பா, பழக்கதோஷம்.”

“தெரியுங்க,” என்றான். “மறுநாளே புரிஞ்சுது. கூப்பிடலாம்னு போனை எடுப்பேன். என் வாயிலயும் அதே நன்றிதான் வந்து நிக்கும்னு பயந்து வெச்சிருவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான். அப்பாடா, ஒருவழியாகத் தீர்ந்தது என்று கல்லறைப் பேச்சை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“அவ கேலி பண்ணத்தான் கூப்பிட்டான்னு நினைச்சு, அந்தக் கோவத்துல அன்னைக்கே கல்லறைத் தோட்டத்துக்காரங்ககிட்ட கல்லை எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேங்க. மறுநாள் ஓடினேன். கல்லு போயிருந்துச்சு, புல் விதை தூவிட்டு இருந்தாங்க.”

பாவி, இவ்வளவு அவசரமா என்று திட்ட வாயெடுத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

கூட்டம் கலைகிற வரை காத்திருந்து சோல்வையிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“குரல் எப்படி இருந்துச்சு? நல்லா இருக்கானா?”

“நீயே கேளேன். கோவமெல்லாம் இல்ல அவனுக்கு. இப்பவே கூப்பிடு.”

“எதைச் சொல்லிக் கூப்பிடறது?” என்றாள். “எங்களுக்குள்ள பேச மிச்சம் இருந்தது அந்தக் கல்லு ஒண்ணுதான்.”